கரி பிடிக்காத ஸ்டவ்

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் செல்வி போன வாரம் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தாள். "மிஷின்ல கட்டைவிரல வெச்சு வெச்சு எடுக்கறேன் சார், நான் நானே இல்லங்குது. பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகை போயிடுச்சாம். கடைக்காரன் ஜல்தி ஜல்தின்னு விரட்டறான்" என்று பொரிந்து தள்ளினாள். பாவமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. அதிகமாகத் தேய்த்துவிட்டு அரிசிக்கு அல்லாடுவது எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. நாங்கள் தேய்த்தது ஸ்டவ்வை.

எழுபதுகளில் நான் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. டில்லி முனிர்காவில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரரின் எருமைகள், மாடியில் நாங்கள்; எருமைகளுக்கு எங்களைவிட இடம் தாராளம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் மனைவி வந்தபோது ஒரு மூட்டை அரிசியும் கூடவே ரயிலேறி வந்தது. அந்த மூட்டையை நம்பித்தான் அவள் டில்லிக்கே வந்தாள் என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. மூட்டை இளைக்க இளைக்க அவள் முகமும் வாடியது. பஜார் அரிசி என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. ரேஷன் அரிசிக்குக் கார்டு வேண்டும், கார்டுக்கு ஓர் எண் வேண்டும்.

"ஏங்க, மூட்ட காலியாகுததுக்குள்ள கார்டு வாங்கிருங்க. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் எடுங்க. மூணு வேளையும் ரொட்டியத் தின்னுக்கிட்டு என்னால கெடக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள். மறுநாளே மனு எழுத உட்கார்ந்தேன்.

மனு போட்டால் ரேஷன் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். முனிர்காவில் தனிக்கட்டைகள் அதிகம். டாபா ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டே குடும்பஸ்தர் என்று கார்டு வாங்கி, ரேஷன் சர்க்கரையை வெளியே விற்றுவிடுவார்கள். அதனால் அவர் ஆளைப் பார்க்க மாட்டார், அடுப்பைத்தான் பார்ப்பார். தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். அதற்கு ஓர் எண். அடுப்பு எரிய மண்ணெண்ணெய் வேண்டுமே, அதுவும் கார்டு இருந்தால்தான் கிடைக்கும் என்று நான் விழித்தபோது, வீட்டுக்கார அம்மாள் ஒரு பாட்டில் கொடுத்து உதவினாள்.

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஏற்பாடு செய்வது போல என் மனைவி களத்தில் இறங்கினாள். பித்தளை பம்ப் ஸ்டவ்வைப் புளி போட்டுத் தேய்த்தாள். திருப்தி இல்லாமல் சாம்பல் போட்டும் தேய்த்தாள். ஸ்டவ்வுக்குக் குங்குமப் பொட்டு, சுற்றிலும் கோலம். நான் என் பங்குக்குச் சுவரில் இருந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். "இதப் பாத்தா அந்த ஆளு ரெண்டு கார்டு குடுத்துருவாரு" என்றாள். நானும் தலையாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் பருத்த மனிதர். மூச்சு வாங்க மாடியேறி வந்து, குனிந்து, ஸ்டவ்வின் தலையில் விரலை விட்டுத் துழாவினார். அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். துளிக் கரி இல்லை. "யே தோ நயா ஹை!" என்றார். எனக்கு இந்தி எப்போதும் அவசரத்தில்தான் காலை வாரும். என் மனைவி ரொம்பச் சுத்தம் என்று சொல்ல வந்து, "பீவி... பஹுத் சாஃப்..." என்று உளறினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் மனைவி.

"ஸ்டவ் புதுசாம். இங்க யாரும் சமைக்கறதே இல்லையாம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சமைக்கலியாமா? அவர அங்கனயே நிக்கச் சொல்லுங்க!"

ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பம்ப் அடித்தாள். வாணலியில் எண்ணெய், கடுகு, பெருங்காயம், அப்புறம் கை நிறைய மிளகாய் வற்றல். ஜன்னல் இல்லாத அறை அது. இன்ஸ்பெக்டர் தும்மினார், இருமினார், கண்ணீர் விட்டார். "பஸ், பெஹன்ஜி, பஸ்!" என்று, போதும் தங்கச்சி போதும் என்கிற மாதிரி கும்பிட்டபடி வெளியே ஓடி, படிக்கட்டில் நின்றே கையெழுத்துப் போட்டார். தினமும் இதையா சாப்பிடுகிறீர்கள் என்று என்னிடம் நிஜமான கவலையோடு கேட்டுவிட்டுத்தான் போனார். கீழே எருமையும் தும்மியதாக வீட்டுக்கார அம்மாள் சொன்னாள். அதை நான் நம்பவில்லை.

எண்ணும் வந்தது, அரிசியும் வந்தது. பாதி குருணை, மீதியில் கல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மக்கல் வாடை. பொறுக்கி, கழுவி, வடித்து, ஒரு வாய் சாப்பிட்டவள் அப்படியே நிறுத்தினாள். டிக்கெட் எடுக்கச் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். "கெடக்கட்டும், நம்ம கார்டு அரிசில்லா" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். நானும் என் தட்டை நீட்டினேன்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தக் கார்டில் பிறகு ஏறிய இரண்டு பெயர்களும் வளர்ந்து, படித்து, வெளிநாடு போய்விட்டன. சில ராத்திரிகளில் எங்கள் இருவருக்கும் சமைக்க அலுப்பாக இருக்கும். ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் பாலுமாகப் படுத்துவிடுவோம். அடுப்பு எரிகிறதா என்று பார்க்க, மூச்சு வாங்க மாடியேறி வருவதற்கு இப்போது யாரும் இல்லை.