வெயில் ஆகாத தோலோடு ஒரு நடவு வயலுக்கு

போன புரட்டாசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் வந்தேன். பிறந்த ஊர்தான். ஆனால் அதை நான் பகலில் சரியாகப் பார்த்ததில்லை. தோலிலும் முடியிலும் நிறமே இல்லாமல் பிறந்தவள் நான், அல்பினிசம் என்பார்கள். பத்து நிமிட வெயிலில் எனக்குத் தோல் சிவந்துவிடும், கண் கூசி நீர் கொட்டும். ஆறு வயதில் அம்மா என்னைத் தஞ்சாவூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குள்தான் இருப்பேன். விளக்கு வைக்கும் நேரத்தில், ஈரக் காலோடு திரும்பி வரும் அம்மாவை மட்டுமே எனக்குத் தெரியும்.

அம்மா பண்ணையாளாக நடவு நட்டவர். சட்டம் அனுமதித்த நில உச்சவரம்புக்கு மேல் இருந்த ஒரு பண்ணை நிலத்தைப் பினாமி பெயர்களில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு ஊர்ச்சனம் வயலில் இறங்கி நின்றபோது அம்மாவும் நின்றார். அடிபட்டார், இரண்டு முறை கைதானார். சென்னையில் ஆட்சி மாறி மாறி வந்தது. வழக்கு மட்டும் அப்படியே கிடந்தது. கடைசியில் முக்கால் ஏக்கருக்கு அம்மா பெயரில் பட்டா வந்தது. அம்மா இறந்த பிறகு அண்ணன் முருகேசன் அதில் விவசாயம் பார்க்கிறார்.

புரட்டாசி பிறந்ததும் அண்ணன் போன் செய்தார். பக்கத்து வயல்களெல்லாம் இறால் குட்டையாகிவிட்டன, நம் மண்ணிலும் உப்பு ஏறுகிறது, இந்தச் சம்பாவோடு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அம்மா நின்ற வயலை, அம்மா நின்ற வெயிலில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

என்னைப் போன்றவர்களுக்கும், வெயிலில் அலையப் போகும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் பையில் என்ன வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 'இயற்கை' என்று எழுதியிருப்பதாலேயே ஒரு சன்ஸ்கிரீனை வாங்கிவிடாதீர்கள். குப்பியைத் திருப்பி, வேலை செய்யும் பொருள் என்னவென்று படியுங்கள். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இரண்டு கனிமப் பொருள்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். வாசனை சேர்க்காததாக இருந்தால் நல்லது. தினசரிக்கு எஸ்.பி.எஃப். முப்பதும், வெளிவேலைக்கு ஐம்பதும் இருக்கட்டும். கூடவே, புற ஊதாக் கதிரின் இரு வகையையும் தடுக்கும் என்று பொருள்படும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லும் இருக்கிறதா பாருங்கள். வாங்கியதும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடலாம். ஜிங்க் பூசினால் முகம் வெளுத்துத் தெரிகிறது என்று பலர் குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை.

காலை ரயிலில் தஞ்சாவூரில் இறங்கி, மதியம் திருவாரூர் பஸ் ஏறினேன். சுமார் அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மதியத்துக்கு மேல் கிழக்கே போகிறவர்கள் இடது பக்க சீட்டில் உட்காருங்கள். வலது பக்கம் முழுக்க வெயில். திருவாரூரிலிருந்து தெற்கே திருத்துறைப்பூண்டி போகும்போதும் இடது பக்கம்தான் நிழல். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். ஓட்டுநர் என்னை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து ஆங்கிலத்தில் வாடகை சொன்னார். நான் இன்னார் மகள் என்றதும் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார். அம்மா கைதான அன்று ஒரே போலீஸ் வேனில் தன் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இறங்கும்போது காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

அண்ணி மலர்க்கொடி எனக்காக ஒரு எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார். தேங்காய் எண்ணெய், கேரட், கஸ்தூரி மஞ்சள். போனில் வந்த வீடியோவைப் பார்த்து இரண்டு நாள் மெனக்கெட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுப்பது மிகக் குறைவு, மஞ்சளை நம்பி வெளியே போக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குப்பியை நீட்டிய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இடது முன்கையில் மட்டும் எண்ணெயைத் தடவினேன். மற்ற இடமெல்லாம் ஜிங்க். மறுநாள் காலை எட்டரைக்கு இருவரும் வாய்க்கால் கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தோம்.

திரும்பியபோது இடது கை சிவந்து எரிந்தது. வலது கை அப்படியே இருந்தது. அண்ணி இரண்டு கைகளையும் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். ஈரத்துணி கொண்டுவந்து சுற்றினார், சோற்றுக்கற்றாழை கீறித் தடவினார். எரிச்சலுக்கு அது இதமாக இருந்தது. கற்றாழை மடலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சேதான் தடவிக்கிட்டியா?"

"நீங்க ஆசையா செஞ்சீங்கல்ல அண்ணி."

"இனிமே என் மனசப் பாக்காத. உன் ஒடம்பப் பாரு" என்றார். அன்றிலிருந்து ஜிங்க் குப்பி அவர் இடுப்பில்தான் இருந்தது.

அடுத்த நாள் நடவு. வெயில் ஏறுமுன் ஆறரைக்கே வயலில் இறங்கினேன். நடவுப் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தார்கள், தலையில் துண்டு. அண்ணி எனக்கும் அண்ணனின் கருநீலச் சட்டையைக் கொடுத்தார். இழை நெருக்கமான, அடர்ந்த நிறத் துணிதான் வெயிலை நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும். சேறு கணுக்காலுக்கு மேல் வந்தது. நாற்று முடியைப் பிரித்து நாலு நாலாக ஊன்றக் கற்றுக்கொண்டேன். என் வரிசை கோணலாகப் போனது. யாரும் சிரிக்கவில்லை, பின்னால் வந்த ஒருவர் பிடுங்கி நேராக நட்டுக்கொண்டே வந்தார். எட்டரைக்கு அண்ணி என்னைக் கரையேறச் சொன்னார். மனசே இல்லாமல் ஏறினேன்.

அம்மாவின் நேரம் அது இல்லை. அவர் நின்றது உச்சிவெயிலில். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு அண்ணன் வயலின் மூலையில் நாலு மூங்கில் கம்பு நட்டு, மேலே களத்துப் படுதாவை இழுத்துக் கட்டினார். வந்து உட்காரு என்றார். நிழல்தானே என்று ஏமாந்துவிட வேண்டாம், தேங்கிய நீரிலிருந்தும் வெயில் எதிரடிக்கும். அண்ணி தாடைக்குக் கீழேயும் காது மடலிலும் புறங்காலிலும் மறுபடி பூசிவிட்டார்.

கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். என் கண்ணுக்கு இருபதடிக்கு மேல் முகங்கள் தெரியாது. தண்ணீர் முழுக்க வெள்ளி. அதன் நடுவே குனிந்த உருவங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. முகம் தெரியாததால், அதில் யார் வேண்டுமானாலும் அம்மாவாக இருக்கலாம். ஒவ்வொருவரையும் கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துப் பார்த்தேன். அவர்கள் சாப்பிடக் கரையேறி, முகங்கள் தெளிந்து, வேறு வேறு பெண்களாக என் பக்கத்தில் வந்து உட்காரும் வரைக்கும்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதலில் துணி, அகலத் தொப்பி, நிழல். பத்திலிருந்து நாலு மணி வரை வெளிவேலையைத் தவிர்ப்பது. மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், வியர்த்தாலோ நனைந்தாலோ உடனேயும் பூசுங்கள். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது, கொப்புளித்துவிடும். ஆறாத புண்ணோ புது மச்சமோ இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக எனக்கும் ஆசைதான். திறந்த படகு என்பதால் இந்த முறை விட்டுவிட்டேன்.

கிளம்பும் நாள் காலை அண்ணனோடு வயலுக்குப் போனேன். நாற்று இன்னும் பச்சை பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். தெரியலம்மா என்றார். படுதாவை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் கம்பில் கை வைத்தார்.

"அண்ணே, கம்பு இருக்கட்டும்" என்றேன்.

கம்பிலிருந்து கையை எடுத்தார். நாலு கம்பையும் ஒரு முறை ஆட்டிப் பார்த்து, ஆடிய ஒன்றின் அடியில் மட்டும் குனிந்து சேறு அணைத்து மிதித்துவிட்டு வந்தார்.