நான் பொருத்திய குழல்

பசுந்தாங் பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. தையல் மெஷினோ தண்ணீர் பம்போ, பொருந்தாத சாமான் எதுவானாலும் அரம் போட்டு உட்கார வைத்துவிடுவேன். ஒரு மத்தியானம் வார்டு தலைவர் ராணுவ அதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தார். அதிகாரி துண்டைப் பிரித்து ஒரு பிஸ்டலையும் புதுக் குழல் ஒன்றையும் மேஜையில் வைத்தார்.

"பழைய குழல் தேய்ந்துவிட்டது. இது உள்ளே உட்கார மாட்டேன் என்கிறது, ஸயா." கைத்தொழில்காரனைப் பர்மிய மொழியில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"துப்பாக்கி வேலை எனக்குப் பழக்கமில்லைங்க."

"இரும்பு இரும்புதானே" என்றார் தலைவர். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் மகனுக்குப் பத்தொன்பதா, இருபதா? பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது."

குழலை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் ஆனது. புகைக்கரி தடவி எங்கே உரசுகிறது என்று பார்ப்பதும், அந்த இடத்தில் மட்டும் லேசாக அரம் போடுவதும், மறுபடி மாட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். கொஞ்சம் கூடுதலாக ராவினால் குழல் ஆடும், பிஸ்டல் எதற்கும் உதவாது. அப்படிச் செய்துவிடலாம் என்று நினைக்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

வாங்கிப்போக வந்த அதிகாரி பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்துவிட்டார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. "நல்ல கை" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

பட்டியல் வந்தபோது என் மகன் பேர் இல்லை. வார்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. எதிர்வீட்டுத் தையல்காரரின் ஒரே பையனைக் கொண்டுபோனார்கள்.

"குலுக்கல்ல விழுந்துருச்சாம் அண்ணே" என்று தையல்காரர் என்னிடம் வந்து சொன்னார். "நம்ம விதி."

"ஆமா" என்றேன்.

விஷயம் தெரிந்ததும் என் மகன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" அந்த மாதமே தாய்லாந்து எல்லைக்குப் போய்விட்டான். அவன் இங்கே இருக்க வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தேன்.

ஆறேழு மாதத்தில் தையல்காரருக்குத் தகவல் வந்தது. உடல் வரவில்லை. துக்கம் கேட்கப் போனேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். "அண்ணனுக்கு டீ கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.