பசை காயும் நேரம்

காரைக்குடியில் கார்களுக்கு முன்கண்ணாடி மாற்றித் தந்த அவருக்கு நரைத்த மீசை, பசை அப்பிய விரல்கள். பசை காயும்வரை வண்டிச் சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார்.

பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஒருவர் ஒருநாள் கத்தினார்: "எதுத்த கடையில பாதி விலைக்கு அரை மணியில குடுக்குறாக. நீங்க என்ன, பொண்ணா குடுக்கப் போறீக, இம்புட்டு யோசிக்கிறீக?"

"பசை காயாம பிரேக் அடிச்சா கண்ணாடி கழண்டு உங்க பிள்ளைக மேல விழும்யா," என்றார் அவர்.

போன மாதம் என் வேன் கண்ணாடி விரிசல் விட்டபோது அவர் கடை பூட்டியிருந்தது. எதிர்க்கடைக்குப் போனேன். தன் கடையை மூடிவிட்டு அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்திருந்த அதே நரைத்த மீசைக்காரர்தான் கண்ணாடி மாட்டினார். அரை மணியில் முதலாளி சாவியை நீட்டினார்.

"தம்பி, வண்டி இங்கிட்டே நிக்கட்டும். இன்னைக்கு பஸ்ல போயிருங்க," என்றார் அவர், முதலாளிக்குக் கேட்காத குரலில்.

எல்லாரிடமும் அவரால் இதைச் சொல்ல முடியுமா என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன்.