ஃபெயில் ஆனால்தான் கண்ணாடி

கார்டய்யாவின் கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசி, இடது கைக் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரேசரை மேலிருந்து கீழே இறக்கினாள் சிஸ்டர். அவளுக்கு அது பார்த்துச் செய்கிற வேலை அல்ல, தடவிச் செய்கிற வேலை. சொரசொரப்பு இருந்தால் இன்னொரு இழுப்பு, வழுவழுவென்று இருந்தால் அடுத்த இடம். வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

“மேல, வலது, வலது, கீழ…”

கார்டய்யா முகத்தை மேலே தூக்கினார். வலது பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினார். அப்புறம் கீழே குனிந்தார். ரேசர் அந்தரத்தில் நின்றது.

“ஆடாம உக்காருங்கய்யா. காதை அறுத்துடப் போறேன்.”

“நீங்கதான சிஸ்டர் மேல கீழன்னு சிக்னல் குடுத்தீங்க? நானும் ஷண்டிங் வண்டி மாதிரி போயிட்டு வந்துட்டு இருக்கேன்.”

சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டில், மூன்றாவது மாடி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் இப்போது அவருடைய குடித்தனம். இடது கால் சரியாக வராது. சர்க்கரை வேறு. அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வந்தவள்தான் சிஸ்டர். நர்ஸ் படிப்பு படித்தவள் அல்ல. முதல் நாளே கார்டய்யா “வாங்க சிஸ்டர்” என்றார், அதுவே நிலைத்துவிட்டது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சமைப்பது, அவர் சொல்லும் ரயில் கதைகளுக்கு ‘ம்’ கொட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. இன்சுலின் ஊசி மட்டும் மகள் பொறுப்பு.

அங்கேதான் இப்போது சிக்கல். மகளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. இனி விடிவதற்கு முன்பே அவள் கிளம்பியாக வேண்டும். காலை ஊசியை சிஸ்டர்தான் போட வேண்டும். மறுநாள் காலையில் நர்ஸ் ஒருவர் வந்து, சிஸ்டர் சிரிஞ்சில் மருந்தைச் சரியான அளவுக்கு எடுக்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். சரி என்றால் எல்லாம் இப்படியே ஓடும். இல்லையென்றால் கார்டய்யாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், சிஸ்டர் மூட்டையைக் கட்ட வேண்டும்.

போன வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் சிஸ்டர் ஒரு புது சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அளவுக் கோடுகள் இருந்த இடத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரிதான் தெரிந்தது. கையை நீட்டிப் பார்த்தாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தும் பார்த்தாள். புகை புகையாகவே இருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்து ஒருவர் வயிற்றில் ஊசியைக் குத்துகிற ஆள் அவள் இல்லை. சிரிஞ்சை உறையோடு தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மருந்துக் கடையில் தொங்குகிற ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் தலை விண்ணென்று தெறித்தது. கடைத் தெருவில், வாசல் கதவு தானாகத் திறக்கிற கண்ணாடிக் கடைக்குப் போனாள். சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். விலையைக் கேட்டதும் அந்தத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். அவள் வீட்டுக்கு அனுப்புகிற மாதப் பணத்தை அப்படியே எண்ணி வைத்தாலும் கட்டுப்படியாகாது.

“அந்தக் காசுக்குக் கண்ணையே புதுசா மாத்திக்கலாம் போல இருக்கு” என்று அறைக்கு வந்து புலம்பினாள்.

லீவு நாளில் அவள் போய்த் தங்குகிற அறை அது. நான்கு பெண்கள், நான்கு கட்டில், ஒரே அடுப்பு. அதில் மூத்தவள் ஹோட்டல் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்பவள். யார் எப்போது குளிக்க வேண்டும், யார் எந்தத் தட்டில் பாத்திரம் வைக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடுவதால் அவளுக்குக் கலெக்டரம்மா என்று பெயர்.

“கடைக்கு எதுக்குடி போனே?” என்றாள் கலெக்டரம்மா. “கண்ணாடிப் படிப்பு சொல்லிக்குடுக்கிற காலேஜ் இருக்கு. படிக்கிற பசங்க பழகறதுக்காக நம்மள டெஸ்ட் பண்ணுவாங்க. வாத்தியாரம்மா வந்து சரி பாப்பாங்க. போன வருஷ ஃப்ரேம், லென்ஸ் அடக்க விலைக்குத் தருவாங்க. இதோ பாரு.” மூக்கின் மேலிருந்த தன் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள்.

“டெஸ்ட்டா?” சிஸ்டரின் முகம் சுருங்கியது.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் வந்து இறங்கியதும் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் படத்தில் ஏதோ நிழல் விழுந்திருந்ததாம். பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து டெஸ்ட் என்றால் சிஸ்டருக்கு இரண்டே இரண்டு அர்த்தம்தான். பாஸானால் வேலை, ஃபெயிலானால் விமானம்.

“கண்ணு தெரியலன்னு ஏஜென்சிக்கு எழுதிப் போட்டுட்டா?”

கலெக்டரம்மா யோசித்தாள். தனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதிகாரம் செய்து பழகியவளுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது.

“அதுக்கும் வழி இருக்கு. கொஸ்டின் பேப்பர் அவுட்டு. எனக்குப் புதுக் கண்ணாடி மாட்டினதும் போர்டுல கடைசி வரி வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சும்மா விடுவேனா? அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். எழுத்தெல்லாம் கிடையாதுடி, மூணு பல்லு வெச்ச சீப்பு மாதிரி ஒரு குறி. பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். பாஸ் பண்ணிடு. அப்புறம் அங்கயே ஒரு கண்ணாடி வாங்கிக்கோ.”

பாஸ் பண்ணினவளுக்கு எதற்குக் கண்ணாடி என்று அந்த அறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை. வரி வரியாக உருப்போட்டாள். பாத்திரம் கழுவும்போதும் மேல கீழ, காய் நறுக்கும்போதும் வலது இடது. அதுதான் கடைசியில் சவரம் வரைக்கும் வந்து நின்றது.

நர்ஸ் வருவதற்கு முதல் நாளாகிய அன்று மதியம், அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனாள். தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். வந்த மாணவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டாள். நரைத்த தலை, தொப்பை, வெள்ளைக் கோட்டில் பொத்தான் போட இடமில்லை.

“உக்காருங்கம்மா, நான் வாத்தியார் இல்ல. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இங்க பஸ் ஓட்டிட்டு இருந்தேன். முதுகு போச்சு, அதான் படிக்க வந்துட்டேன்.”

இருட்டு அறையில் உட்காரவைத்து, வட்டு வட்டாகச் சொருகுகிற கனமான ஒரு ஃப்ரேமை அவள் மூக்கில் ஏற்றினார். இடது கண்ணுக்குக் கறுப்பு வட்டு ஒன்றைப் போட்டு மூடினார். எதிரே போர்டில் விளக்கு எரிந்தது. முதல் இரண்டு வரி அவளுக்கு உண்மையாகவே தெரிந்தது. அதற்குக் கீழே எறும்புக் கூட்டம். அதைப் பற்றி அவளுக்கென்ன கவலை? மூச்சு விடாமல் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள்.

“அடேங்கப்பா!” என்றார் மாணவர். “என் கூடப் படிக்கிற சின்னப் பசங்களே இந்த வரியில திணறுவாங்க. சரி, அடுத்த கண்ணு.”

இன்னொரு கறுப்பு வட்டை எடுத்து வலது பக்கம் சொருகினார். இடது பக்கம் போட்டதை எடுக்க மறந்துவிட்டார். அவளுக்கு எல்லாம் இருண்டது. இதுவும் டெஸ்டில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்தாள். கலெக்டரம்மா இதைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே! நல்ல வேளை, பாடம் நெஞ்சில் இருக்கிறது.

“மேல, வலது, வலது, கீழ, இடது, மேல…”

ஒரு பிசகும் இல்லாமல் சொல்லி முடித்தாள். மாணவர் அவசரமாக வட்டுகளைக் கழற்றினார். அவர் முகம் ஆவியைக் கண்டவர் முகம் மாதிரி இருந்தது.

“அம்மா, ரெண்டு கண்ணையும் மூடித்தான வெச்சிருந்தேன்? எப்படிம்மா தெரிஞ்சுது?”

அவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த கறுப்பு வட்டுகளைப் பார்த்தார். முதலில் தொப்பை குலுங்கியது. அப்புறம் ஆளே குலுங்கினார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்த பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இறங்கிய அன்று எடுத்த டெஸ்ட், திரும்பிப் போன பெண், நாளைக்கு வரப்போகிற நர்ஸ்.

அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “எனக்கும் அதே லைன்தான்மா. மூச்சை இழு, விடுன்னு சொன்னப்போ இழுத்த மூச்சை ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் விடவே இல்ல. ஆனா இது அந்த டெஸ்ட் இல்ல. இதை யாருக்கும் அனுப்ப மாட்டாங்க. இங்க ஃபெயில் ஆனாத்தான் கண்ணாடி. பாஸ் ஆனா ஒண்ணும் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தைரியமா ஃபெயில் ஆகுங்க.”

போர்டை மாற்றினார். இந்தத் தடவை சிஸ்டர் மூன்றாவது வரியிலேயே “தெரியல” என்றாள். சொல்லச் சொல்ல அது அவளுக்குப் பிடித்துப்போனது. “தெரியல. இதுவும் தெரியல. சுத்தமா தெரியல சார்.”

“ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஃபெயில்” என்றார் மாணவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே போனார். “உங்க ரெண்டு கண்ணும் ஓரகத்திங்க மாதிரி, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. அதான் ரெடிமேட் கண்ணாடி தலைவலி குடுத்திருக்கு. சரி, கிட்டத்துல என்ன பாக்கணும் உங்களுக்கு?”

அவள் கைப்பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தாள். வேலை செய்யும்போது பிடிக்கிற மாதிரியே பிடிக்கச் சொன்னார். கைக்கும் கண்ணுக்கும் நடுவே அளவு நாடாவை வைத்து அளந்தார். இன்னொரு ஜோடி லென்ஸ் போட்டார். புகை கலைந்தது. கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன, எண்களோடு. அவள் சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாத்தியாரம்மா வந்து எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்தார். தூரத்துக்கும் ஒன்று வேண்டும், அதை அடுத்த மாதம் செய்துகொள்ளலாம் என்றார். பக்கத்துப் பார்வைக்கான லென்ஸ் கையிருப்பில் இருந்தது. அன்றே வெட்டிப் பொருத்திவிடலாம். ஆனால் அந்த முகத்துக்கு உட்காருகிற ஃப்ரேம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நல்ல ரத்தச் சிவப்பு.

“சின்னப் பொண்ணுங்க போடறதாச்சே சார்” என்று இழுத்தாள்.

“விலையைப் பாருங்க, உடனே பிடிச்சுப்போகும்” என்றார் மாணவர்.

பார்த்தாள். பிடித்துப்போனது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கார்டய்யா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சிவப்பு சிக்னல்! ஆத்தாடி, இன்னிக்கு ஒரு வண்டியும் நகராது.”

“பேசாம இருங்கய்யா. முகத்தைக் காட்டுங்க.” மோவாய்க்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நரை முடி அப்படியே நின்றது. “இது எத்தனை நாளா இருக்கு?”

“மாசக்கணக்கா இருக்கு. உங்களுக்குப் பிடிச்சுதான் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

மகள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “கண்ணு தெரியலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர்? நான் என்ன கடிச்சுத் தின்னுடுவேனா?”

“சொன்னா நீங்க பயந்துடுவீங்கக்கா. நான் ஒருத்தி பயந்தது போதாதா?”

மகள் பழைய மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிரிஞ்சோடு கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பழகினார்கள். சிஸ்டரின் கை பிசகவே இல்லை. மகள் ஊசி போடுவதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்ததில் வழி அதற்கு இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்தது, ஊர்ப் பலகையைத்தான் படிக்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். உயரமான தமிழ்ப் பெண், பேச்சு குறைவு. கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

சிஸ்டர் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மருந்துப் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள். மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டாள். சிரிஞ்சில் காற்றை இழுத்துப் புட்டிக்குள் செலுத்தி, தலைகீழாகக் கவிழ்த்து, மருந்தை மெதுவாக இறக்கினாள். கோட்டுக்கு வந்து நின்றது. ஆனால் உள்ளே கடுகளவு ஒரு காற்றுக் குமிழ். நர்ஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் குமிழை மேலே ஏற்றி வெளியே தள்ளி, குறைந்த மருந்தை மறுபடி இழுத்தாள்.

“எவ்வளவு?” என்றார் நர்ஸ்.

“பதினாலு.”

நர்ஸ் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். சிஸ்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கினாள். கார்டய்யா கூரையைப் பார்த்துக்கொண்டு, “எப்ப போடப் போறீங்க?” என்று கேட்டார்.

“போட்டாச்சுய்யா.”

“இனிமே நீங்களே பாத்துக்கலாம்” என்றார் நர்ஸ். “நான் வாரத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்.” மாடிப்படியில் அவர் இறங்குகிற சத்தம் ஓய்வதற்குள் சிஸ்டர் ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டு மூடிவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். இன்சுலின் போட்ட ஆளை வெறும் வயிற்றோடு காக்கவைக்கக் கூடாது.

ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் தயாராக இருந்தன. பாலை ஊற்ற எவர்சில்வர் டம்ளரை எடுத்தவள் அப்படியே நின்றாள். விளிம்புக்கு உள்ளே பழுப்பாக ஒரு வளையம். அடுத்த டம்ளரை எடுத்தாள். அதிலும் இருந்தது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த அத்தனையிலும் இருந்தது.

“சிஸ்டர், பால் எங்க?”

“வருது, வருது.”

ஒரே ஒரு டம்ளரை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பாலை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கடைசி வாய் மென்று விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து, மீதி டம்ளர்கள் அனைத்தையும் தொட்டியில் இறக்கி, சபீனாத் தூளைத் தூவி, ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.