மூளியாய் நின்ற பெட்டி

எங்கள் குடும்பத்தில் வனஜாவை இன்றைக்கு யாரும் பேர் சொல்லிப் பேசுவதில்லை. "அந்தப் பொண்ணு" என்கிறார்கள். அவள் என் கொழுந்தன் மகன் தினகரனின் பெண்சாதி. பிறந்த இடம் வேப்பம்பட்டு. பாரிவாக்கத்துக்கு வாழ வந்த கொஞ்ச காலத்திலேயே தினகரன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. மாமியார்க்காரி கன்னியம்மாள், என் ஓரகத்தி, அவளைத் துரத்தவும் இல்லை, வைத்துக்கொண்ட மாதிரியும் இல்லை.

டிப்ளமோ படித்தவள் அவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சேட்டிலைட்டுக்குள் வைக்கிற லேசர் பெட்டியைப் பாகம் பாகமாய்ச் சேர்த்துப் பூட்டுகிற வேலை. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

"அது இன்னாடி செய்யும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டவர் மாதிரி நாலா பக்கமும் கத்தாது அத்தை. ஊசி மாதிரி ஒரே வெளிச்சம். மேல ஓடிக்கினே கீழ கீற கண்ணாடிய பாத்து அடிக்கும். கீழருந்தும் ஒரு வெளிச்சம் அடிச்சி சேட்டிலைட்ட தேடுவாங்க. கண்ணும் கண்ணும் நேரா பாத்துக்கினாத்தான் பேச்சு."

"எங்க காலத்துல அப்டி பாத்துக்கினா பேச்சு இல்ல, உதைதான்" என்றேன். தினகரன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்டி பூட்டுகிற ரூமுக்குள் தூசி ஆகாதாம். பவுடர், பூ, பொட்டு எதுவும் கூடாது. "அங்க எல்லாரும் என்னை மாதிரிதான் அத்தை, வெறும் நெத்தி. எனக்கு அந்த ரூம் புடிச்சிருக்கு" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. வெளி ஷெட்டில் லேத்து, கம்ப்ரஸர், மேனேஜர் கார், டீ பிளாஸ்க் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அந்த ரூமுக்குள் மட்டும் பூஜை கிடையாது. கற்பூரத் தட்டு தன் பக்கம் வரும்போது யாரும் முகம் சுளிக்க வேண்டாமே என்று வனஜா முன்னாடியே உள்ளே போய்விட்டாள். மறுநாள் கிளம்ப வேண்டிய பெட்டி மேஜைமேல் இருந்தது.

"எல்லாத்துக்கும் வெச்சாங்க, அது மட்டும் மூளியா நின்னுக்கினு இருந்துச்சி அத்தை. மனசு கேக்கல."

வெளியே வந்து துளி குங்குமம் எடுத்துக்கொண்டு போய், பெட்டியின் அடியில் கடுகளவு பொட்டு வைத்துவிட்டாள். யாருக்கும் பொட்டு வைக்க ஊர் விடாத கை.

ராக்கெட்டில் பெட்டி மேலே போனது. கீழேயிருந்து அடித்த வெளிச்சம் சேட்டிலைட்டில் பட்டுத் திரும்பி வந்தது. சேட்டிலைட் எங்கே போகிறது என்று தெரிந்தது. பெட்டிதான் தன் வெளிச்சத்தை அனுப்பவே இல்லை. மாசக்கணக்காய்ப் பார்த்தும் ஊமை.

மேனேஜர் மோகன் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இவள், "நான் குங்குமம் வெச்சேன் சார்" என்றாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "ஒரு துளி பறந்து கண்ணாடியில ஒட்டியிருந்தா லேசர் பட்டுக் கருகியிருக்கும்மா. அப்படி இல்லாமலும் இருக்கலாம். ராக்கெட் அதிர்வுல எதுனா ஆடியிருக்கலாம்."

"எது சார்?"

"எறக்கியா பாக்க முடியும்?"

அன்றோடு வேலை போயிற்று.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் கன்னியம்மாள் சொன்னாள்: "குங்குமத்துல இன்னாடி தப்பு? ஊரே வெக்குது. வெச்ச கைதான் தப்பு."

"வாயக் கழுவுடி" என்று நான் எழுந்தேன்.

"உனக்கு அவ்ளோ உருகுதுன்னா காட்டுப்பாக்கத்துக்கு இட்டுக்கினு போக்கா." அங்கே நானே மருமகள் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கிறவள்.

வனஜா பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போனாள். "இல்லாமலும் இருக்கலாம்" என்று மேனேஜர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரை வைத்திருந்தாள். கம்பெனி அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்கிறது என்று கேள்விப்பட்டதும், அதுவும் ஊமையாகிவிட்டால் குற்றம் பெட்டியின் அமைப்பில்தான், தன் கையில் இல்லை என்று நம்பினாள். கூட வேலை பார்த்தவர்கள் அது பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். இவள் மட்டும் அது பேசக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பெட்டியும் மேலே போனது. அங்கே இவளோடு வேலை பார்த்த லாவண்யாதான் போன் செய்தாள். "அக்கா, பேசிடுச்சிக்கா! மொத சுத்துலயே பேசிடுச்சி!" அப்புறம்தான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

கேள்விப்பட்டு நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பாரிவாக்கம் போனேன். வனஜா அடுப்படியில் இருந்தாள்.

"அப்ப நான்தான் அத்தை."

"அது வேற பெட்டிடி, வேற கண்ணாடி" என்றேன். காதில் வாங்கவில்லை.

வெயிலில் வந்ததில் நாக்கு வறண்டு போயிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுடி" என்றேன்.

"என் கையால வேணாம் அத்தை. நீயே மொண்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, குடத்தை விட்டு நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.