துறைத்தலைவர் வைத்த குங்குமம்

வித்யாஸ்ரீயின் ஆறு வருஷமும் ஒரே பிசின் தகட்டில் போயிற்று. விரிசல் விட்டால் தானே கூடிக்கொள்ளும் எப்பாக்சித் தகடு. மற்றவர்கள் அதற்கு நச்சு உலோகம் சேர்த்தார்கள். இவள் அதை ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத குமிழ்களில் ஒரு திரவத்தை அடைத்துக் கலந்தாள். தகடு பிளந்தால் குமிழ் உடையும், திரவம் கசியும், பிளவு ஒட்டிக்கொள்ளும். உலோகம் துளியும் இல்லையென்று வெளி ஆய்வகம் எழுதித் தந்தால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் எல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

அவளுக்கு வாய்த்த வழிகாட்டி துறைத்தலைவர் விஸ்வேஸ்வரன். திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரியில் இருபது வருஷமாக வேதியியல் சொல்லித்தருகிறாராம்; ஒரு சோதனைக் குழாயைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆயுத பூஜை என்றால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். 2008இலும் வந்தார். தராசு, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு. ஆய்வகத்துக்கு அனுப்ப அவள் துடைத்து அடுக்கியிருந்த தகடுகளையும் விட்டுவைக்கவில்லை.

"சார், அது சாம்பிள் சார்!"

"சாமிக்கு ஆகாத சாம்பிள் என்னம்மா சாம்பிள்? அழிச்சிராத, அபசகுனம்."

மறுநாள் அவள் வருவதற்குள் நல்ல நேரம் பார்த்து, பொட்டோடு அனுப்பியும்விட்டார். அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், எதிரே நின்றே தன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் வைது தீர்த்தாள்.

முடிவு வந்தது: ஈயம் இருக்கிறது.

"கை சுத்தமில்லாம வேல பாத்தா இப்படித்தான்" என்றார் துறை முழுக்கக் கேட்கும்படி.

வித்யாஸ்ரீ அவருடைய குங்குமத்தை அமிலத்தில் கரைத்து, ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் அயோடைடு விட்டாள். பளிச்சென்று மஞ்சளாகப் படிந்தது. ஈயமேதான்; கடைக் குங்குமத்தில் சிவப்புக்காகக் கலந்தது.

"ஆத்தி! இம்புட்டு வெசத்தையா நெத்தியில வச்சிக்கிட்டுத் திரியுறாரு?" என்றார் அட்டெண்டர் பால்பாண்டி.

குழாயைக் கொண்டுபோய்த் துறைத்தலைவரிடம் காட்டினாள். "மஞ்சள் மங்களகரமான நெறம்மா" என்றார் அந்த வேதியியல் மேதை.

புதுத் தகடுகளைச் சோதிக்க வேண்டுமானால் வழிகாட்டியின் விளக்கக் கடிதம் வேண்டும் என்றது ஆய்வகம். வித்யாஸ்ரீ தட்டச்சு செய்தாள்: 'ஈயம், நான் என் கையால் வைத்த குங்குமத்திலிருந்து வந்தது.' போனில் பேசிக்கொண்டே, "எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார் மனிதர்.

இம்முறை உலோகம் இல்லை என்று வந்தது. வாய்மொழித் தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர், "முதல் தடவை ஈயம் எப்படி வந்துச்சு?" என்றார்.

வித்யாஸ்ரீ வாய் திறப்பதற்குள் விஸ்வேஸ்வரன் எழுந்துவிட்டார். "இந்தப் பொண்ணோட அஜாக்கிரதைதான் சார். நான் அப்பவே கண்டிச்சேன்."

தேர்வாளர் கோப்பிலிருந்து கடிதத்தை உருவி அவர் பக்கம் திருப்பினார்.

"அப்ப இது உங்க கையெழுத்து இல்லையா?"

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.