பட்டாசு வாங்கிய கேமரா

அவருக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டபோதே அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. பக்கத்துக் கடை அவருடைய ஸ்டுடியோ. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் தும்மினால் என் காகிதம் பறக்கும்.

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர் கண்ணைச் சிமிட்டினால், "என்ன, தூக்கம் வருதா? வீட்டுல போய்ப் படுத்துட்டு வாங்க" என்பார். குரூப் படத்தில் பின்வரிசையில் ஒருவர் உம்மென்று நின்றால், "உங்களை யாரு அடிச்சாங்க? சொல்லுங்க, நான் போய்க் கேக்குறேன்" என்று கத்துவார். மொத்த வரிசையும் சிரித்துவிடும். அந்த நொடியில் படம் எடுத்துவிடுவார். அதனால் அவர் கோபத்தை யாரும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

கை போன பிறகு வந்த கோபம் வேறு.

ஒருநாள் காலையில் கடையைத் திறக்க ஷட்டரை முக்கால்வாசி தூக்கிவிட்டு, கீழே விழுந்த பூட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். மேலே ஸ்பிரிங் அறுந்தது. மொத்தத் தகரமும் சரசரவென்று இறங்கி, வாசற்படியில் ஊன்றியிருந்த வலது கையின் மேல் உட்கார்ந்தது. நானும் எதிர்க்கடை சலூன்காரரும் ஓடிப்போய்த் தூக்கினோம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் மடங்காது.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஷட்டர் அமுக்குன கைய ஷட்டரே அமுக்கிடுச்சே" என்றார். மனிதர் வேதனையில்தான் சொன்னார். ஆனால் அது தெருவுக்குள் வந்ததும் வேடிக்கையாகிவிட்டது. பட்டாசின் காதுக்கு அது எட்டிய நாளில் சலூன் வாசலில் நின்று அவர் கத்திய கத்தலில், பாதி சவரத்தில் இருந்த ஒருவர் நுரையோடு எழுந்து போய்விட்டார். இன்றுவரை முடி வெட்டிக்கொள்ளப் பட்டாசு அடுத்த தெருவுக்குத்தான் போகிறார்.

ஸ்டுடியோவை அதன்பின் அவர் மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டான். முன்பே விளக்கு பிடிக்க, வீடியோ எடுக்க என்று கூடவே இருந்தவன். நிதானமானவன், ஒரு குழந்தைக்கு அப்பன். ஒரு வேலையையும் விடவில்லை, ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால் பட்டாசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி எப்போதும்போலப் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்துகொண்டிருந்தார். கணவர் கத்தினால் அவர் பதில் சொல்வதில்லை. மௌஸ் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகும்.

அரை வருடம் இப்படிப் போனது. ஒரு மதியம் ஸ்டுடியோவில் யாரும் இல்லாதபோது பட்டாசு பழைய கேமராவை எடுத்துப் பார்த்திருக்கிறார். செங்கல் மாதிரி கனக்கும் பழைய காலத்துக் கேமரா அது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு 'டம்' என்று கேட்டது. எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். லென்ஸ் மாட்டும் வளையம் உடைந்துபோயிருந்தது.

அதனால் புதுக் கேமரா வாங்கியே ஆக வேண்டும் என்றானது. இனி உள்ளே கண்ணாடி இல்லாத, கனம் குறைந்த மிரர்லெஸ் கேமராதான் என்பதில் வீட்டில் சண்டை இல்லை. இரண்டில் எது என்பதில்தான் சண்டை.

ஒன்று பெரியது, கைப்பிடி நன்றாக உப்பியிருக்கும். இன்னொன்று சின்னது, சோப்புப் பெட்டி மாதிரி தட்டையாக இருக்கும். மைத்துனன் ஒரு மாதமாக இரண்டையும் ஒப்பிட்டுப் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருசையே வாங்கிடலாம் மாமா. ரெண்டு கார்டு போடலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல படம் இருக்கும். பேட்டரியும் நாள் முழுக்க நிக்கும். சின்னது, ஊர் சுத்திப் பாக்கப் போறவங்க வாங்குறது."

"யாரு பிடிக்கப் போறது அந்தப் பெருச?"

பதிலுக்கு அவன் போனில் வீடியோ ஓடும் சத்தம்தான் கேட்டது.

"கேக்குறேன்ல?"

"நான்தான் மாமா. நீங்க கவுண்டர்ல இருங்க. பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டாண்டுல ஒரு கேமராவ மாட்டி வச்சிடுறேன். ரிமோட்டை அமுக்கினா போதும்."

"ரிமோட்டா? டிவி பாத்துட்டு மூலையில கெடக்குற ஆளுன்னு முடிவே பண்ணிட்டியா?"

ஒரு ஸ்டூல் உருண்டது. என் கடையில் நகல் எடுக்க வந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன்.

மறுநாள் கேமரா கடைக்கு என் காரில்தான் போனோம். இரண்டு பேரும் ஒரே வண்டியில் தனியாகப் போனால் நல்லதில்லை என்று பட்டாசின் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், என்னைக் கூப்பிட்டிருந்தார்.

கடையில் விற்பனையாளர் பட்டாசின் வலது கையை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அதன்பின் பேச்செல்லாம் மைத்துனனோடுதான். கேமராவை அவன் கையில்தான் கொடுத்தார், லென்ஸைப் பற்றி அவனிடம்தான் சொன்னார். பட்டாசிடம், "சார், நீங்க அப்படி உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"நான் உக்கார வரல. அதக் குடு."

பெரிய கேமராவை வலது கையில் வாங்கினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் எட்டிப் பிடித்தன. பட்டனுக்கு மேலே இருக்க வேண்டிய விரல் இல்லை. மோதிர விரலை அங்கே கொண்டுபோக முயன்றார். அது பாதி வழியில் நின்றுவிட்டது. கேமரா பக்கவாட்டில் சாய்ந்தது. விற்பனையாளர் விழப்போகும் குழந்தையை ஏந்துவதுபோல் கீழே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கைய எடு."

"இல்ல சார், கீழ விழுந்துச்சுன்னா..."

"கைய எடுன்னு சொல்றேன்!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பட்டாசு கேமராவைக் கண்ணாடி மேசையில் வைத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அந்தச் சின்னதக் காட்டு" என்றார்.

விற்பனையாளர் அதை எடுத்தார். பழக்கதோஷம், அதையும் மைத்துனன் பக்கமே நீட்டினார்.

பட்டாசு மேசைக்குக் குறுக்கே பாய்ந்து இடது கையால் அதைப் பிடுங்கினார். கையில் எப்படி வந்ததோ அப்படியே கண்ணில் வைத்தார். அடிப்பாகம் மேலே இருந்தது, பட்டன் கீழே இருந்தது.

"சார், தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

"தெரியும்."

அது பொய் என்று பின்னால் என்னிடம் சொன்னார். ஆனால் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே கடை நேராகத்தான் தெரிந்தது. எண்களும் எழுத்துகளும் மட்டும் கவிழ்ந்து கிடந்தன. வலப்பக்கம் மேலே இருக்கும் பட்டன் இப்போது இடப்பக்கம் கீழே, இடது கட்டைவிரல் படும் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வலது கையின் மிச்சத்தை லென்ஸுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். பட்டனை அமுக்கினார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. இன்னொரு முறை அமுக்கினார்.

விற்பனையாளர் சிரித்தார். "இப்படி யாரும் எடுக்க மாட்டாங்க சார்."

மைத்துனன் மெதுவாக, "மாமா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

"பாக்கட்டும்டா! ஆஸ்பத்திரிய விட்டு வந்ததுலேர்ந்து என் கையத்தானே பாக்குறாங்க? காசு வாங்கும்போது பாக்குறாங்க, டீ குடிக்கும்போது பாக்குறாங்க. இப்ப ஒரு வேலையாவது செய்யுதே, அதையும் சேத்துப் பாக்கட்டும்!"

இதையும் சொல்ல வேண்டும்: அவர் நேர்மையாகவே ஒப்பிட்டார். பெரியதையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அதன் உப்பிய கைப்பிடி உள்ளங்கையைத் தள்ளியது. பட்டன் சரிவில் இருந்ததால் கட்டைவிரல் வழுக்கியது. ஒற்றைக் கையில் கனமும் தாங்கவில்லை. சின்னதில் பட்டன் தட்டையான இடத்தில் இருந்தது. விற்பனையாளர் வேண்டாவெறுப்பாகப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது, அவை தாமாகவே நிமிர்ந்து நின்றன. பட்டாசு மைத்துனனைப் பார்த்தார்.

அவனுக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. "சரி மாமா, எடுக்கலாம். ஒரே கார்டுதானே? மண்டபத்துல அது போச்சுன்னா யாரு பதில் சொல்றது? இத்தனை நாள் நான்தான் பதில் சொன்னேன். அதுவும் தெரியுமா உங்களுக்கு?"

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார். "உன் தம்பிக்குத்தான் பெருசு வேணும். என்னை மூலையில உக்கார வச்சிட்டுக் கடைய எழுதி வாங்கிக்கலாம்னு பாக்குறான். நீயும் வாய மூடிட்டு அவனுக்குத் தாளம் போடுற."

மௌஸ் சத்தம் நின்றது.

"ஸ்பிரிங்க மாத்துங்க, மாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கத்தலில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தெனமும் காலையில கிரீச்சுன்னு கத்துச்சே, காது கேக்கலையா? ஆள வரச் சொல்றேன்னு சொன்னீங்க. வரச் சொன்னீங்களா? ஆஸ்பத்திரியில வச்சு நான் இதச் சொல்லல. வீட்டுக்கு வந்தும் சொல்லல. வாயிலயே வச்சு மென்னுட்டிருக்கேன். நீங்க என்னடான்னா சலூன்காரர் மேல கத்துறீங்க, தம்பி மேல கத்துறீங்க, சோறு சூடா இல்லன்னு என் மேல கத்துறீங்க. உங்க கோவம் யாரு மேலன்னு எனக்குத் தெரியாதா?"

நான் மெஷினை அணைத்துவிட்டேன். அது ஓடினால் ஒட்டுக்கேட்பது தெரியாது, அணைத்தால்தான் தெரியும் என்பது அணைத்த பிறகுதான் உறைத்தது.

பட்டாசு தாழ்ந்த குரலில், "வரச் சொல்லல" என்றார்.

"தெரியும்."

"இத்தன நாள் ஏன் நீ கேக்கல?"

"கேட்டா வெரல் மொளச்சிடுமா?"

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அந்த அக்கா பேசினார். "சின்னதையே வாங்குங்க. அவனுக்குப் பெருசு வேணும்னா அவன் சொந்தமா வாங்கிக்கட்டும். ஆனா இனிமே என் தம்பிய இப்படிப் பேசினீங்கன்னா, ஆல்பத்த நீங்களே போட்டுக்கோங்க."

சின்னது வந்தது. முதல் சோதனைக்கு மைத்துனனை உட்கார வைத்தார்கள். கேமரா கவிழ்ந்திருந்ததால் அதன் தலையில் இருக்க வேண்டிய ஃபிளாஷ் அடியில் வந்து, அவன் தாடைக்குக் கீழிருந்து அடித்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால், கண்ணுக்கு மேலே நிழல் ஏறி, மூக்குத்துளை மட்டும் பளிச்சென்று, பிசாசு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இத என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை. மைத்துனன் எழுந்து வெளியே போய்விட்டான். பட்டாசு சிரிக்கவும் முடியாமல் கத்தவும் முடியாமல் ஃபிளாஷைக் கழற்றினார். தனிக் கம்பத்தில் விளக்கை மாட்டி, கேமராவிலிருந்து அதை எரிய வைக்க வழி கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

முதல் வேலை ஒரு நர்சிங் கல்லூரியில் கிடைத்தது. படிப்பு முடித்த பெண்கள் கட்டடத்தின் படிகளில் வரிசை வரிசையாக நின்றார்கள். மைத்துனன் விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தான். அவன் இன்னும் மாமாவோடு சரியாகப் பேச ஆரம்பித்திருக்கவில்லை. விளக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானும் போயிருந்தேன். கல்லூரி நிர்வாக அதிகாரி வந்தார், கவிழ்ந்த கேமராவையும் அதற்குக் கீழே இருந்த கையையும் பார்த்தார். மைத்துனனிடம் குனிந்து, "நீங்களே எடுத்துடுங்களேன். இது முக்கியமான படம்" என்றார்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பட்டாசுக்குக் கேட்டுவிட்டது. முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான்.

"படம் எடுக்கிறவர் அவருதான் சார். நான் விளக்கு பிடிக்க வந்தவன். வேண்டாம்னா சொல்லுங்க, ரெண்டு பேருமே கிளம்புறோம்."

அதிகாரி வாட்சைப் பார்த்தார். பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். "சரி, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு முன்வரிசை நடுவில் போய் உட்கார்ந்தார்.

பட்டாசு வெடித்தார். ஆனால் அதிகாரியைப் பார்த்து இல்லை, பின்வரிசையைப் பார்த்து. "ஏம்மா, ஊசி போடப் போறது நீங்கதானே? ஊசி போட்டுக்கிட்ட மாதிரி ஏன் நிக்கிறீங்க?" படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. அவர் எடுத்தார்.

படங்கள் பிரமாதம் என்று சொல்ல முடியாது. பலவற்றில் கை நடுங்கியிருந்தது. கூர்மையாக வந்த இரண்டில் ஒன்றில் அதிகாரி கண்ணை மூடியிருந்தார். அந்தப் படத்தைத்தான் பிரேம் போட வேண்டும் என்று பட்டாசு பிடிவாதம் பிடிக்க, அக்கா பேசாமல் மற்றதை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"விளக்க இன்னும் ஒரு அடி தூக்கியிருக்கணும்" என்றார் பட்டாசு.

"நீங்க இன்னும் பின்னால போயிருக்கணும் மாமா. அவ்ளோ கிட்ட நின்னா நான் எங்க தூக்குறது?"

"பின்னால பூந்தொட்டி இருந்துச்சுடா."

"தொட்டிய நகத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எதுக்கு இருந்த?"

சண்டை வீடு வரைக்கும் வந்தது. நடுவில் என்னையும் இழுத்தார்கள். தொட்டி எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

அடுத்த வருடம் மைத்துனன் அந்தப் பெரிய கேமராவைச் சொந்தமாக வாங்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கடை போட்டான். மண்டப வேலைகள் எல்லாம் அவனிடம் போயின. பட்டாசுக்கு அது வலித்தது, வெளியே சொல்லவில்லை. குரூப் படங்களும், குடும்பமாக வந்து உட்கார்ந்து எடுத்துக்கொள்கிறவர்களும் இங்கே மிஞ்சினார்கள். வருமானம் முன்புபோல் இல்லை, நின்றும் போகவில்லை. நேற்றுகூடத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டாசின் குரல் கேட்டது. கேமராவை ஏன் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க நேரா உக்காருங்க, போதும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.